கம்பி மேல் நடந்த மனிதனும் நம் பலகைப் பாலமும்

(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



ஒழுக்கத்தைப் பற்றிப் பேசும்படி எனக்குச் சொன்னார்கள். நானும் சரி என்று தலையாட்டினேன். வீட்டில் போய் உட்கார்ந்து எழுதிப் பார்த்தால், நான் எழுதியதை நானே இரண்டாவது முறை படிக்க விரும்பவில்லை. அப்படியிருக்க உங்களை ஏன் கஷ்டப்படுத்த வேண்டும்? ஆகவே இன்று நான் சினிமாவைப் பற்றிப் பேசப் போகிறேன். பயப்படாதீர்கள். காதல் படம் அல்ல, சண்டைப் படமும் அல்ல. உயரத்தில் கம்பி கட்டி அதன் மேல் நடந்த ஒரு மனிதனைப் பற்றிய படங்கள். அந்தப் படங்களுக்கும் நமக்கும் என்ன சொந்தம் என்று கேட்பீர்கள். சொந்தம் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால் என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

பயிற்சிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு முதன்முதலில் நான் வேலைக்குப் போனது வேறு ஒரு பள்ளிக்கு. ஊரும் பேரும் வேண்டாம். ஐந்தாம் ஆண்டு வகுப்பு எனக்கு. ஆண்டு இறுதித் தேர்வு முடிந்து, விடுமுறைக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கும் அந்த நாட்களில் பிள்ளைகளை வகுப்பில் உட்கார வைப்பது எவ்வளவு பாடு என்று இங்கே இருக்கும் ஆசிரியர்களுக்குத் தெரியும். படம் ஒன்று போட்டுக் காட்டினேன். 2015இல் வந்த ‘தி வாக்’ என்ற ஆங்கிலப் படம். நியூயார்க் நகரத்து இரட்டைக் கோபுரங்களுக்கு நடுவே ஒரு பிரெஞ்சு இளைஞன் கம்பி கட்டி நடந்த கதை. பிள்ளைகள் மூச்சு விடவில்லை. இப்படி ஓர் அமைதியை அந்த வகுப்பில் நான் அதற்கு முன் கண்டதில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் அந்த வகுப்புப் பையன் ஒருவன், லயத்துக்குப் பின்னால் வாய்க்காலுக்குக் குறுக்கே போகும் தண்ணீர்க் குழாய் மேல் ஏறிவிட்டான். கையில் மூங்கில் கம்பு. கரையில் நாலைந்து கூட்டாளிகள். பாதி தூரம் ஒழுங்காகத்தான் போயிருக்கிறான். கூட்டாளிகள் கை தட்டியதும் படத்தில் வந்தவனைப் போல் திரும்பி வணக்கம் போட்டிருக்கிறான். அவ்வளவுதான். முன்கை எலும்பு முறிந்து மாவுக்கட்டு போட வேண்டியதாயிற்று. வாய்க்காலில் தண்ணீர் குறைவாக இருந்தது. நிறைய இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து அன்று இரவு நான் தூங்கவில்லை.

அடுத்த நாள் காலை பையனுடைய அம்மா பள்ளிக்கு வந்தார். வேலைக்காட்டிலிருந்து நேராக வந்திருந்தார். தலையில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்கவில்லை. திட்டப் போகிறார் என்று நினைத்து நான் எழுந்து நின்றேன். அவர் உட்கார்ந்தார்.

“சார், நீங்க படம் காட்டினது தப்புன்னு நான் சொல்ல வரல. அவன் கைப்பேசியில இதைவிட மோசமானதெல்லாம் பாக்குறான். ஆனா ஒண்ணு கேக்குறேன். அந்த ஆள் எப்படி நடந்தான்னு காட்டினீங்க. எப்படிக் கத்துக்கிட்டான்னு காட்டினீங்களா?”

எனக்குப் பதில் வரவில்லை. ஏன் என்றால், அந்த ஆள் கற்றுக்கொண்ட பகுதி படத்தில் இருந்தது. நேரம் போதாது என்று நான்தான் ஓட்டிவிட்டேன். முடிவைக் காட்ட வேண்டும் என்று அவசரப்பட்டு நடுவை ஓட்டிவிட்டேன். இது என் தவறு. அந்த அம்மா கேட்ட கேள்விக்கு அன்று சொல்லாத பதிலைத்தான் இன்று சொல்கிறேன்.

நடந்தவன் பெயர் பிலிப் பெத்தி. பிரான்ஸ் நாட்டுக்காரன். 1949ஆம் ஆண்டு பிறந்தவன். கம்பியில் ஏறிய நாள் 1974 ஆகஸ்ட் 7. இருபத்தைந்து வயது நிறைய இன்னும் ஆறு நாள் இருந்தது. உயரம் ஏறத்தாழ 400 மீட்டர். நம் பிள்ளைகளுக்குப் புரியும்படி சொல்கிறேன். பினாங்குத் தீவுக்குப் போகும்போது தெரிகிறதே கொம்தார், அதற்கு அடிக்கல் நாட்டியதும் அதே 1974ஆம் ஆண்டில்தான், ஜனவரி மாதம். 65 மாடியாக 232 மீட்டர் உயரத்துக்கு அது எழும்பி நின்றபோது நம் தாத்தா பாட்டிகள் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தார்கள். அந்தக் கொம்தார் மேல் முக்கால்வாசிக் கொம்தாரை இன்னும் ஒரு முறை தூக்கி வைத்தால் எவ்வளவு உயரமோ, அந்த உயரத்தில் ஒரு கம்பி. கீழே வலை கிடையாது. இடுப்பில் கயிறு கிடையாது. இப்போது கொம்தார் 68ஆம் மாடியில் கண்ணாடித் தரை போட்டு வைத்திருக்கிறார்கள். கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு அதில் இரண்டு அடி வைக்க எனக்குக் கால் நடுங்கியது. பெத்தி அந்தக் கம்பியில் ஏறத்தாழ 45 நிமிடம் இருந்தான். எட்டு முறை போய் வந்தான். மண்டியிட்டான். மல்லாந்து படுத்தான்.

இதைத்தான் என் வகுப்புப் பிள்ளைகள் பார்த்தார்கள். நான் ஓட்டிவிட்ட பகுதியில் என்ன இருந்தது?

அந்தக் கோபுரங்கள் கட்டப்படப் போகின்றன என்ற செய்தியை அவன் ஒரு பல் வைத்தியரிடம் காத்திருந்தபோது பத்திரிகையில் பார்த்தானாம். அதற்கும் நடந்த நாளுக்கும் இடையே ஆறு வருடம். அந்த ஆறு வருடத்தில் 1971இல் பாரிஸ் மாநகரத்து நோத்ர் தாம் தேவாலயக் கோபுரங்களுக்கு நடுவே நடந்தான். 1973இல் சிட்னித் துறைமுகப் பாலத்தில் நடந்தான். பிரான்ஸில் ஒரு புல்வெளியில் கம்பியைத் தாழ்வாகக் கட்டி, நண்பர்களை விட்டு அதை ஆட்டச் சொல்லிப் பழகினான். கோபுரத்துக்குள் பல முறை மாறுவேடத்தில் புகுந்து அளவெடுத்தான். கம்பி கட்டும் வித்தையை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவர் ருடோல்ஃப் ஓமான்கோவ்ஸ்கி என்ற சர்க்கஸ் குடும்பத்துப் பெரியவர். ‘பாப்பா ரூடி’ என்று அழைப்பார்கள்.

கம்பி கட்டியதே ஒரு பெரிய கதை. இரும்புக் கம்பி ஏறத்தாழ 200 கிலோ எடை. அதை ஒரு கோபுரத்திலிருந்து இன்னொரு கோபுரத்துக்கு எப்படிக் கொண்டு போவது? ராத்திரி இருட்டில், ஒரு கோபுரத்திலிருந்து ழான்-லூயி என்ற நண்பன் வில்லில் அம்பு வைத்து எய்தான். அம்பின் வாலில் மீன் பிடிக்கும் நைலான் நூல். மறு கோபுரத்தில் இருந்த பெத்திக்கு இருட்டில் நூல் தெரியவில்லை. சட்டையை எல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு, உடம்பில் நூல் உரசுகிறதா என்று தேடினானாம். நூலில் கொஞ்சம் தடித்த கயிறு, அதில் இன்னும் தடித்த கயிறு, கடைசியில் கம்பி. கம்பி பாரம் தாங்காமல் நடுவில் சரிந்து தொங்கிவிட்டது. மணிக்கணக்காக இழுத்தார்கள். விடிந்து, காலை ஏழு மணிக்குப் பிறகுதான் அவன் காலை எடுத்து வைத்தான். கம்பி ஆடாமலும் முறுக்கிக்கொள்ளாமலும் இருக்கப் பக்கவாட்டில் இழுவைக் கயிறுகள் கட்ட வேண்டும். இவ்வளவும் ஒரு நாலைந்து பேர் சேர்ந்து செய்த வேலை. கீழே நின்று பார்த்த ஜனங்களுக்கு ஒரு மனிதன்தான் தெரிந்தான்.

இந்தக் கதையை முதலில் நன்றாகச் சொன்ன படம் ‘தி வாக்’ அல்ல. அதற்கு ஏழு வருடம் முன்னால், 2008இல், ஜேம்ஸ் மார்ஷ் என்பவர் எடுத்த ‘மேன் ஆன் வயர்’. அது செய்திப்பட வகையைச் சேர்ந்தது. 2009இல் ஆஸ்கார் பரிசு வாங்கியது. உண்மையில் நடந்தவர்களே வந்து பேசுகிறார்கள். ஒரு விசேஷம் பாருங்கள். அன்று கோபுரத்தில் பெத்தி நடந்ததை ஓடும் படமாக யாரும் எடுக்கவில்லை. இரவெல்லாம் கம்பி இழுத்துக் களைத்துப் போனவர்கள், புகைப்படம் மட்டும்தான் எடுத்தார்கள். ஆக, அந்தப் படத்தில் அவன் நடக்கும்போது நாம் பார்ப்பது அசையாத சில புகைப்படங்களை. இருந்தும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அந்த வில் எய்த நண்பன் ழான்-லூயி, முப்பது வருடங்களுக்குப் பிறகு அதைப் பற்றிப் பேச ஆரம்பித்துப் பேச முடியாமல் அழுகிறார். நடந்து முடித்த பிறகு அந்த நட்பு பழையபடி நிலைக்கவில்லை என்பதையும் படம் மறைக்கவில்லை. எனக்கு இரண்டு படங்களிலும் இதுதான் பெரிய படம். ‘தி வாக்’ கண்ணுக்கு விருந்து, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கண்ணுக்கு விருந்து வைக்கிற படம்தான் பிள்ளையைத் தண்ணீர்க் குழாய் மேல் ஏற்றுகிறது.

அந்த ‘தி வாக்’ எப்படி எடுக்கப்பட்டது என்று பிள்ளைகள் கேட்டுக்கொள்ளுங்கள். கோபுரங்கள் 2001 செப்டம்பர் 11ஆம் தேதி விமானத் தாக்குதலில் இடிந்து போயின. ஆகவே கோபுரத்தைக் கம்ப்யூட்டரில் கட்டினார்கள். கனடாவில் மொன்றியல் நகரத்து ஸ்டூடியோ ஒன்றில், தரையிலிருந்து சில அடி உயரத்தில் கட்டிய கம்பியில் நடிகர் நடந்தார். ஜோசப் கார்டன்-லெவிட் என்ற அந்த நடிகருக்குப் பெத்தியே கம்பி நடை சொல்லிக் கொடுத்தார். எட்டு நாள் பயிற்சி. மேகம், பறவை, கீழே எறும்பு போல் தெரியும் கார்கள் எல்லாம் பிறகு ஒட்டியவை. இதை நான் வகுப்பில் சொல்லியிருந்தால் போதும், ஒரு கை முறிந்திருக்காது.

அந்தப் படத்தில் குரு பாப்பா ரூடியாக வருகிறவரை எங்கோ பார்த்த முகமாயிருக்கிறதே என்று பெரியவர்கள் நினைப்பீர்கள். பார்த்திருக்கிறீர்கள். 1982இல் வந்த ‘காந்தி’ படத்தில் காந்தியாக நடித்த பென் கிங்ஸ்லிதான் அவர். இயற்பெயர் கிருஷ்ணா. அப்பா வழி குஜராத்திக் குடும்பம். காந்தித் தாத்தா ஒரு பிரெஞ்சுக்காரப் பையனுக்குக் கயிறு கட்டக் கற்றுக் கொடுக்கிறார் என்று என் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை சொன்னது. படத்தில் அவர் சொல்லும் பாடம் ஒன்றுண்டு. நடப்பவன் நடுவில் விழுவதில்லையாம். வந்து சேர்ந்துவிட்டோம் என்று நினைக்கிற கடைசி இரண்டு மூன்று அடியில்தான் விழுகிறானாம். இந்த இடத்தையும் நான் ஓட்டிவிட்டேன் என்று சொல்ல வெட்கமாயிருக்கிறது.

விழுந்தவர்களும் இருக்கிறார்கள். கார்ல் வாலெண்டா என்று ஒரு பெரியவர். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் பெயர் பெற்ற கம்பி நடைக் குடும்பத்தின் தலைவர். அந்தக் குடும்பத்தைப் பற்றி ‘தி கிரேட் வாலெண்டாஸ்’ என்று ஒரு தொலைக்காட்சிப் படம் 1978 ஆரம்பத்தில் வந்தது. அதே வருடம் மார்ச் 22ஆம் தேதி, புவெர்ட்டோ ரிக்கோ தீவில் இரண்டு ஹோட்டல் கட்டடங்களுக்கு நடுவே நடந்தபோது காற்றில் தடுமாறி விழுந்து இறந்தார். வயது 73. வாழ்நாள் முழுவதும் கம்பியில் நடந்தவர். இழுவைக் கயிறுகள் சரியாகக் கட்டப்படாததே காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். ஆக, நடையில் குறையில்லை. கட்டில் குறை.

சரி, வெள்ளைக்காரன் கதை போதும். நம் கதைக்கு வருவோம். 

கயிற்றில் நடப்பது நமக்குப் புதிதா? குறுந்தொகையில் ஏழாவது பாட்டு. பெரும்பதுமனார் பாடியது. காதலனோடு பாலை வழியில் போகும் ஒரு பெண்ணைக் கண்டு வழிப்போக்கர்கள் இரக்கப்படுகிறார்கள். அங்கே வாகை மரத்தின் காய்ந்த நெற்றுகள் காற்றில் கலகலக்கின்றன. எப்படி? ஆரியக் கூத்தர்கள் கயிற்றின் மேல் ஆடும்போது கீழே அடிக்கிற பறையைப் போல. சங்க காலத்திலேயே கயிற்றாட்டமும் உண்டு, கீழே பறை அடிக்கிறவனும் உண்டு.

இன்னொன்று நற்றிணையில் 95ஆம் பாட்டு. எனக்கு உயிரான பாட்டு. ஆடுகிற பெண் ஒருத்தி முறுக்கேறிய கயிற்றின் மேல் நடந்து முடித்துவிட்டுப் போய்விட்டாள். கயிறு அப்படியே கட்டியிருக்கிறது. ஒரு குரங்குக் குட்டி வந்து அதில் தொங்குகிறது. அதைப் பார்த்த குறவர் வீட்டுச் சின்னப் பிள்ளைகள், பாறை மேல் ஏறிக் குதித்துத் தாளம் போடுகிறார்கள். பெரியவர்கள் ஆடிவிட்டுப் போன கயிற்றில் குட்டி ஏறும், பிள்ளைகள் தாளம் போடும். பெற்றோர்களே, இது கைப்பேசி வந்ததனால் ஏற்பட்ட கோளாறு என்று தயவு செய்து சொல்லாதீர்கள். ஈராயிரம் வருடத்துப் பழக்கம்.

பிற்காலத்தில் இவர்களைக் கழைக்கூத்தாடிகள் என்றோம். இரண்டு பக்கமும் மூங்கிலைக் கத்தரி போல் நட்டு, நடுவில் கயிறு கட்டி, கையில் நீளக் கம்பு. பெரும்பாலும் நடப்பது சின்னப் பெண். கீழே அப்பன் மேளம் அடிப்பான். அம்மா தட்டேந்தி வருவாள். தமிழ்நாட்டில் பிறந்து கப்பலேறி வந்த என் பாட்டி இதைத் தெருவில் பார்த்தவர். “அந்தப் புள்ள கால் கயித்துலதான் இருக்கும். கண்ணு மட்டும் தட்டுல எவ்வளவு விழுதுன்னு பாக்கும்” என்பார். பெத்தி விரும்பி ஏறினான், கைது செய்யப்பட்ட பிறகு பூங்காவில் பிள்ளைகளுக்கு வித்தை காட்டச் சொல்லி விட்டுவிட்டார்கள், உலகப் புகழ் வந்தது. இந்தப் பெண் பசிக்காக ஏறினாள், பெயர்கூட யாருக்கும் தெரியாது. இரண்டும் ஒரே வித்தைதான். இந்தியாவில் 2011ஆம் ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், சர்க்கஸ்களில் பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. தெருவோரக் கயிற்றுக்கு அந்தத் தீர்ப்பு எவ்வளவு தூரம் எட்டியது என்று யோசிக்க வேண்டும்.

வித்தையை முறையாகச் சொல்லிக் கொடுத்த ஊரும் நம் பக்கத்தில் உண்டு. கேரளத்துத் தலைச்சேரி. கீலேரி குஞ்ஞிக்கண்ணன் என்ற ஆசிரியர் 1901இல் அங்கே சர்க்கஸ் பள்ளி தொடங்கினார். ஆசிரியர் என்பதைக் கவனியுங்கள். உடற்பயிற்சி வாத்தியார்! கேரள சர்க்கஸின் தந்தை என்று அவரைச் சொல்கிறார்கள். அதே தலைச்சேரியிலிருந்து போன கண்ணன் என்பவர், ‘கண்ணன் பொம்பாயோ’ என்ற பெயரில் 1930களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கயிற்றின் மேல் துள்ளிக் குட்டிக்கரணம் அடித்துப் பேர் வாங்கினார். அவரைப் பற்றி யாராவது ஒரு நல்ல படம் எடுக்கக் கூடாதா என்பது என் ஆசை.

நம் சினிமாவில் சர்க்கஸ் வந்தது 1948இல். எஸ்.எஸ். வாசன் எடுத்த ‘சந்திரலேகா’. முரசு நடனத்தைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். என் பாட்டி பேசியது சர்க்கஸைப் பற்றி. தோட்டத்துத் திடலில் வெள்ளைத்துணி கட்டிக் காட்டியபோது பார்த்தாராம். துணிக்கு முன்னால் இடம் கிடைக்காமல் பின்னால் உட்கார்ந்ததால் எழுத்தெல்லாம் இடம் வலம் மாறித் தெரிந்தது, ஆள் மட்டும் சரியாகத் தெரிந்தான் என்று சிரிப்பார். கொடுங்கோலன் சசாங்கனிடமிருந்து தப்பிச் சந்திரலேகா சர்க்கஸ் கூட்டத்தில் சேர்கிறாள். 1966இல் எம்.ஜி.ஆர்., சரோஜாதேவி நடித்த ‘பறக்கும் பாவை’யிலும் அதே மாதிரிதான், கதாநாயகி சர்க்கஸில் தஞ்சம் புகுகிறாள். நம் படங்களில் கயிறும் கூடாரமும் ஒளிந்துகொள்ளும் இடம். துரத்தப்படுகிறவளுக்கு அங்கே சோறு கிடைக்கும், காவல் கிடைக்கும். ஆனால் நட்சத்திரம் எப்படி ஒரே பாட்டில் வித்தை கற்றுக்கொண்டது என்று நம் படங்களும் சொல்வதில்லை. அந்த அம்மா கேட்ட கேள்வியை நம் ஊர்ப் படங்களிடமும் கேட்கலாம்.

ஒரே ஒரு படம் வேறு மாதிரி. 1978இல் அரவிந்தன் எடுத்த மலையாளப் படம் ‘தம்பு’. கூடாரம் என்று பொருள். ஒரு சிறிய சர்க்கஸ் லாரியில் ஆற்றங்கரைக் கிராமத்துக்கு வருகிறது. சில நாள் ஆடுகிறது. போய்விடுகிறது. கதை இவ்வளவுதான். உண்மையான சர்க்கஸ்காரர்களே வருகிறார்கள். வித்தையைக் காட்டியதைவிட, வித்தை பார்க்கும் கிராமத்து ஜனங்களின் முகத்தைத்தான் அரவிந்தன் அதிகமாகக் காட்டினார். வாயைப் பிளந்த கிழவர், இடுப்புக் குழந்தையை மறந்த தாய். அதைப் பார்த்தபோது எனக்கு நம் திடல் படக் கதைகள் நினைவுக்கு வந்தன.

இப்போது பலகைக்கு வருகிறேன்.

கம்பி நடப்பவன் கையில் ஏன் நீளக் கம்பு? பெத்தி வைத்திருந்த கம்பு 26 அடி நீளம், ஏறத்தாழ 25 கிலோ. அவ்வளவு பாரத்தைத் தூக்கிக்கொண்டா நடப்பான் என்று பிள்ளைகள் கேட்பார்கள். பாரம்தான் காப்பாற்றுகிறது. நீளமான, பாரமான பொருள் சட்டென்று சுழலாது. உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தால் கம்பு அந்தச் சாய்வை மெதுவாக்குகிறது. திருத்திக்கொள்ள நேரம் கொடுக்கிறது. கம்பின் இரு நுனியும் வளைந்து கீழே தொங்கும்போது பாரத்தின் மையமும் தாழ்ந்து வருகிறது. என் வகுப்புப் பையன் பிடித்திருந்தது ஐந்தடி மூங்கில் குச்சி. அது கம்பு அல்ல, அலங்காரம்.

என் பாட்டி பால்மரம் வெட்டியவர். காண்டாக்கம்பைத் தோளில் வைத்து, இரண்டு பக்கமும் பால் வாளி தொங்க, மழையில் வழுக்கும் ஒற்றைத் தென்னைமரத்தில் வாய்க்காலைத் தாண்டுவார். கணக்கு முழுக்க ஒன்றல்ல. கம்பியில் நடப்பவன் கம்பைக் கையில் பிடிக்கிறான், பாட்டி தோளில் வைத்தார். ஆனால் இரு பக்கமும் பாரம் சமமாக இருக்க வேண்டும், அடி சின்னதாக இருக்க வேண்டும், கண் காலைப் பார்க்காமல் அக்கரையைப் பார்க்க வேண்டும் என்பவை இரண்டுக்கும் ஒன்றுதான். பால் சிந்தினால் சம்பளம் சிந்தும். அவரை யாரும் படம் எடுக்கவில்லை. எத்தனை முறை விழுந்தீர்கள் பாட்டி என்று கேட்டேன். “விழுந்தவங்கள எண்ணலாம்பா, விழாத நாள எப்படி எண்றது?” என்றார்.

இன்று பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்ட காடுகளில், ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் பழக்குலைகளை ஏற்றி, கால்வாய்க்குக் குறுக்கே போட்ட ஒற்றைப் பலகையில் தள்ளிக்கொண்டு போகிறார்களே, அவர்களை நான் நின்று பார்த்திருக்கிறேன். இங்கே உட்கார்ந்திருக்கும் உங்களில் எத்தனையோ பேர் அந்த வேலை செய்கிறவர்கள். நீங்கள் எப்படிக் கற்றுக்கொண்டீர்கள் என்பதை உங்கள் பிள்ளையிடம் என்றைக்காவது சொன்னதுண்டா? முதல் நாள் குலையில்லாமல் வெறும் வண்டியைத் தள்ளியதை? பக்கத்தில் ஒரு மூத்தவர் நின்றதை? பலகை ஆடுகிறதா என்று காலால் தட்டிப் பார்த்துவிட்டு ஏறுவதை? “ஏறாதே, விழுவே” என்று நாம் எல்லாரும் சொல்கிறோம். நானும் என் பிள்ளையிடம் சொல்கிறேன். அது பாதிப் பேச்சு. மீதிப் பாதி நம்மிடம் இருக்கிறது, சொல்லாமல் வைத்திருக்கிறோம். பிள்ளை அதைச் சினிமாவில் தேடுகிறான், சினிமா அதை ஓட்டிவிடுகிறது. சில சமயம் வாத்தியாரும் ஓட்டிவிடுகிறார்.

அந்தப் பையனுடைய மாவுக்கட்டைப் பிரித்து, கை தேறியதும், அவன் அம்மாவின் சம்மதத்தோடு பள்ளித் திடலில் இரண்டு செங்கல் மேல் ஒரு பலகை போட்டேன். தரையிலிருந்து ஒரு சாண் உயரம்கூட இல்லை. பையன் வெட்கப்பட்டான். இதில் என்ன சார் இருக்கிறது என்றான். மூன்றாவது அடியில் இறங்கிவிட்டான். மறுபடி ஏறினான், மறுபடி இறங்கினான். ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த அவன் அம்மா, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்து, பலகை நுனியை ஒரு முறை காலால் அழுத்திப் பார்த்தார். பிறகு ஏறி, கடைக்குப் போகிறவர் மாதிரி நடந்து மறு பக்கம் இறங்கினார். பையன் வாயைப் பிளந்து பார்த்தான். “எம்மா, எப்படிம்மா?” என்றான். “வா, சொல்றேன்” என்றார் அவர்.

இன்று இந்த விழா முடிந்து தேநீர் கொடுக்கும்போது, திடலின் மேற்கு மூலையில், கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில், அதே போல் ஒரு பலகை போட்டு வைத்திருக்கிறோம். செங்கலை நானே இரண்டு முறை சரி பார்த்துவிட்டேன். பிள்ளைகள் தனியாக ஏற வேண்டாம். அம்மாவோ அப்பாவோ முதலில் ஏறட்டும், செருப்பைக் கழற்றிவிட்டு.